சார்லஸ் டொனவன்

சார்லஸ் டொனவன் (செப்டம்பர் 19, 1863 - அக்டோபர் 29, 1951) கொல்கத்தாவில் பிறந்த அயர்லாந்து மருத்துவர் ஆவார். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர். காலா அசார் என்னும் உயிர்கொல்லிக் காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியை 1903ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறிந்தார். இந்த ஒட்டுண்ணியின் அறிவியல் பெயர் லீஷ்மேனியா டொனவானி என்பதாகும். இதே ஒட்டுண்ணியை இங்கிலாந்தில் தனியே கண்ட வில்லியம் லீஷ்மன் என்பவரின் பெயரும் டொனவனின் பெயரும் இதில் இணைந்துள்ளன. டொனவனோசிஸ் என்னும் பால்வினை நோயின் நுண்ணுயிரை முதலில் கண்டவரும் இவரே. சென்னை இராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராகவும் இவர் இருந்தார்.

இளமையும் கல்வியும்

டொனவனின் பெற்றோர் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். தந்தை இந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றியவர். டொனவன் தொடக்கக் கல்வியை இந்தியாவிலேயே பெற்றார். பின்னர் அக்காலத்து ஆங்கிலேய, அயர்லாந்துக் குடும்பங்களின் வழக்கப்படி மேற்படிப்புக்காக அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். கார்க் நகரில் பள்ளிக் கல்வியை முடித்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்று 1889இல் பட்டம் பெற்றார். 1891இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தான் பிறந்த நாட்டுக்கே திரும்பினார்.

இந்திய மருத்துவப் பணியில் சேர்வோர் படைப்பிரிவுகளுடன் சில ஆண்டுகள் செல்ல வேண்டும். டொனவனும் அவ்வாறே பர்மா உள்ளிட்ட இடங்களில் படை மருத்துவராக இருந்தார். 1898இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியரானார். கல்லூரியை ஒட்டி அமைந்த அரசு பொது மருத்துவமனையிலும் (2011 முதல் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை) நோயாளிகளைக் கவனித்தார். ஓய்வு பெறும் வரை இவரது பணி பெரும்பாலும் சென்னையிலேயே அமைந்தது.

காலா அசார் - அன்றைய நிலை

காலா அசார் என்னும் சொல்லுக்குக் கரிய நோய் என்பது பொருள். நோயாளிகளின் தோல் கருத்துப் போவதால் இப்பெயர் ஏற்பட்டது. நீண்ட நாள் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, குருதிச்சோகை, வயிற்றின் இடப்பக்கம் முழுவதும் நிறையும் அளவுக்கு மண்ணீரல் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவம் செய்யாவிட்டால் நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடுவர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசாமில் இந்நோய் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. 1891க்கும் 1901க்கும் இடையே நவ்காங் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நோயின் காரணத்தைக் கண்டறிய அரசு பல மருத்துவர்களை அனுப்பியது. 1890இல் ஆய்வு செய்த ஜார்ஜ் கைல்ஸ் இதைக் கொக்கிப்புழுவால் வரும் நோய் என்றார். பின்னர் வந்த லியனார்டு ரோஜர்ஸ் இது கடுமையான மலேரியாவே என்று கருதினார். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் நிறுவிப் புகழ்பெற்ற ரொனால்டு ராஸும் அசாம் சென்று பார்த்துவிட்டு, இது மலேரியாவின் ஒரு வகை என்ற முடிவுக்கே வந்தார்.

இந்த முடிவின் விளைவை நோயாளிகள் அனுபவித்தனர். மலேரியா என்று கருதப்பட்டதால் அவர்களுக்குக் கொய்னா மருந்து மேலும் மேலும் கொடுக்கப்பட்டது. ஆனால் காய்ச்சல் தணியவில்லை. சென்னையிலும் இத்தகைய நோயாளிகள், குறிப்பாக ஜார்ஜ் டவுன் போன்ற நெருக்கமான பகுதிகளிலிருந்து, அரசு பொது மருத்துவமனைக்கு வந்தவண்ணம் இருந்தனர். மருத்துவமனைப் பதிவேடுகளில் இவர்களது நோய் நாட்பட்ட மலேரியா என்றே எழுதப்பட்டது. இவர்களுள் இறந்தவர்களின் மண்ணீரலையே டொனவன் நுண்ணோக்கியில் ஆராயத் தொடங்கினார்.

1903ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

மலேரியா என்று குறிக்கப்பட்ட சில நோயாளிகளின் மண்ணீரல் பூச்சுகளில், மலேரியா ஒட்டுண்ணிகளுக்குப் பதிலாக, 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அளவுள்ள முட்டை வடிவத் துகள்கள் இருப்பதை டொனவன் கண்டார். சாயமேற்றிப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு நிறப்புள்ளிகள் தெரிந்தன. ஒன்று பெரிய உருண்டையாகவும் மற்றொன்று சிறு கோல் போலவும் இருந்தது. இவை எவை என்று அவரால் உடனே சொல்ல இயலவில்லை.

இதே வேளையில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்னும் படை மருத்துவரும் இத்துகள்களைக் கண்டிருந்தார். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் பாசறையில் நோயுற்று, நெட்லி படை மருத்துவமனையில் 1900இல் இறந்த ஒரு படைவீரனின் மண்ணீரலில் அவை இருந்தன. லீஷ்மன் சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1903 மே 30 அன்று பிரித்தானிய மருத்துவ இதழில் இதுபற்றி எழுதினார். அவை இறந்து சிதைந்த டிரிப்பனோசோம்களாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. டிரிப்பனோசோம் என்பது கசையிழை கொண்ட ஓரணு ஒட்டுண்ணி. ஆப்பிரிக்காவின் உறக்க நோய்க்கு அதுவே காரணம் என்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது.

அவ்விதழ் சென்னை வந்து சேர்ந்ததும், தான் கண்டவையும் இவையே என்பதை டொனவன் உணர்ந்தார். ஆனால் லீஷ்மனின் விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. துகள்கள் இறப்புக்குப் பின் ஏற்பட்ட சிதைவுகள் என்றால், உயிருள்ள நோயாளியின் உடலில் அவை இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க ஒரே வழி உயிருள்ள நோயாளியின் மண்ணீரலிலிருந்து குருதியை எடுத்துப் பார்ப்பதே.

மண்ணீரலில் ஊசி செலுத்துவது ஆபத்தானது. வீங்கி மென்மையாகிப் போன மண்ணீரல் கிழிந்தால் வயிற்றுக்குள் குருதி கசிந்து நோயாளி இறக்கக்கூடும். 1903 ஜூன் மாதத்தில், காய்ச்சலால் அவதியுற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து டொனவன் ஊசி மூலம் குருதி எடுத்தார். அக்குருதியில் அதே துகள்கள் இருந்தன. டிரிப்பனோசோம்கள் எவையும் காணப்படவில்லை. எனவே இத்துகள்கள் வேறொன்றின் சிதைவு அல்ல, உயிருள்ள தனி ஒட்டுண்ணிகள் என்பது தெளிவாயிற்று. டொனவனின் குறிப்பு 1903 ஜூலை 11 அன்று அதே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது.

இச்சோதனை காலா அசாரைக் கண்டறியும் முறையாகவும் ஆனது. அதுவரை மலேரியா என்று ஊகித்து மருந்து கொடுத்துவந்த மருத்துவர்கள், அதன்பின் கண்ணால் பார்த்து நோயை உறுதி செய்யும் நிலை ஏற்பட்டது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு மண்ணீரல் ஊசிச் சோதனையே நோயறிதலின் அடிப்படையாக இருந்தது. ஆபத்துக் குறைந்த எலும்பு மச்சைச் சோதனையும், விரல்நுனிக் குருதியைக் கொண்டு செய்யும் விரைவுச் சோதனையும் பின்னர் வந்தவை.

பெயர் சூட்டலும் முன்னுரிமைச் சிக்கலும்

டொனவன் தனது நுண்ணோக்கித் தகடுகளை லிவர்பூலில் இருந்த ராஸுக்கும், பாரிஸில் இருந்த அல்போன்ஸ் லவேரானுக்கும் அனுப்பினார். லவேரான் 1880இல் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தவர். அவரும் பெலிக்ஸ் மெஸ்னிலும் இதைக் கால்நடைகளின் குருதியில் வாழும் பைரோபிளாஸ்மா என்னும் இனத்தில் சேர்த்து, 1903 நவம்பரில் பைரோபிளாஸ்மா டொனவானி என்று பெயரிட்டனர். ராஸ் இதை ஏற்கவில்லை. இவை அதுவரை அறியப்படாத புதிய பேரினம் என்று சரியாகக் கணித்து, அதே மாதத்தில் லீஷ்மேனியா என்ற பேரினப் பெயரை முன்வைத்தார். இவ்வாறு பேரினப் பெயர் லீஷ்மனையும் சிற்றினப் பெயர் டொனவனையும் குறிப்பதாக லீஷ்மேனியா டொனவானி என்ற பெயர் நிலைபெற்றது.

கண்டுபிடிப்பின் முன்னுரிமை யாருக்கு என்பதில் கசப்பான விவாதம் நடந்தது. முதலில் அச்சில் வெளியிட்டவர் லீஷ்மன். உயிருள்ள நோயாளியிடம் காட்டி, அது தனி ஒட்டுண்ணி என்று நிறுவியவர் டொனவன். காலா அசாரை மலேரியா என்று முன்பு கூறிய ராஸே, தன் முந்தைய முடிவைக் கைவிட்டு, இருவர் பெயரையும் சேர்த்து இச்சிக்கலைத் தீர்த்துவைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. நோயாளியின் உடலில் காணப்படும் துகள்கள் இன்றும் லீஷ்மன்-டொனவன் உடலங்கள் அல்லது சுருக்கமாக எல்.டி. உடலங்கள் என்றே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

லியனார்டு ரோஜர்ஸ் 1904இல் கொல்கத்தாவில் இவ்வொட்டுண்ணியை உடலுக்கு வெளியே வளர்த்தபோது, அவை நீண்டு கசையிழை பெற்று நீந்துவதைக் கண்டார். இதனால் இது டிரிப்பனோசோம்களின் நெருங்கிய உறவினம் என்பது உறுதியானது. லீஷ்மனின் ஊகம் தவறென்றாலும், அவர் சுட்டிய திசை தவறன்று.

நோய்க்கடத்தியைத் தேடி

ஒட்டுண்ணி கிடைத்தபின், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கிறது என்ற கேள்வி எழுந்தது. சென்னையில் ஆய்வு செய்த டபிள்யூ. எஸ். பேட்டன் வீட்டு மூட்டைப்பூச்சியைக் காரணமாகக் கருதினார். டொனவனின் ஐயம் வேறொரு பூச்சியின் மீது விழுந்தது. கோனோரைனஸ் என்று அன்று அழைக்கப்பட்ட இப்பூச்சி, இன்று டிரையடோமா ரூப்ரோபேசியேட்டா எனப்படுகிறது. இது மூட்டைப்பூச்சியைவிடப் பல மடங்கு பெரியது, சிறகுடையது, எலி வளைகள் உள்ள பழைய கட்டிடங்களில் வாழ்ந்து இரவில் குருதி குடிப்பது. சென்னை போன்ற துறைமுக நகரங்களில் இது காணப்பட்டது.

சென்னையில் இந்நோய்க்கு நாயுடனும் இப்பூச்சியுடனும் உள்ள தொடர்பு பற்றி டொனவன் 1909இல் லான்செட் இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு துனிசியாவில் சார்ல் நிக்கோல் இவ்வொட்டுண்ணி நாய்களிடம் இருப்பதைக் காட்டியிருந்தார். ஆனால் சென்னை நாய்களைச் சோதித்த டொனவனுக்கு அத்தகைய தொற்று கிடைக்கவில்லை. பூச்சியின் குடலில் மட்டும் கசையிழை கொண்ட ஓர் ஒட்டுண்ணி இருந்தது.

அது காலா அசார் ஒட்டுண்ணி அன்று. எலிகளைத் தொற்றும் வேறொரு டிரிப்பனோசோம் ஆகும். 1928இல் ஷார்ட், சுவாமிநாத் ஆகியோர் அதன் இடத்தை வரையறுத்தபின் அது டிரிப்பனோசோமா கோனோரைனை என்று அழைக்கப்படுகிறது. விலங்கியல் பட்டியல்களில் அப்பெயரோடு முதலில் விவரித்தவராக டொனவனின் பெயரும் 1909 என்ற ஆண்டும் இடம்பெறுகின்றன. மனிதருக்கு இது நோய் தருவதாக அறியப்படவில்லை.

அதே 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் என்னும் மருத்துவர், இப்பூச்சியின் உறவினப் பூச்சி ஒன்றின் குடலிலும், பின்னர் லசான்சே என்னும் சிற்றூரில் காய்ச்சலுற்ற இரண்டு வயதுக் குழந்தையின் குருதியிலும் டிரிப்பனோசோமா குரூசி என்னும் ஒட்டுண்ணியைக் கண்டார். அவ்வகையில் சென்னையிலும் பிரேசிலிலும் ஒரே ஆண்டில் ஒரே குடும்பத்துப் பூச்சிகளுக்குள் இரண்டு உறவின ஒட்டுண்ணிகள் கண்டறியப்பட்டன. சாகாஸ் கண்டது உயிர்கொல்லி நோயின் காரணி. டொனவன் கண்டது தீங்கற்ற எலி ஒட்டுண்ணி.

காலா அசாரைப் பரப்புவது பிளபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்னும் மணல் ஈ என்பது டொனவன் ஓய்வு பெற்றபின்னரே தெளிவானது. இந்த ஈயின் பரவலும் நோயின் பரவலும் பொருந்துவதை சின்டன் காட்டினார். 1924இல் கொல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் ஈயின் உடலில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டனர். 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் ஈக்கடி மூலம் நோய் தொற்றுவதை மனிதத் தன்னார்வலர்களிடம் மெய்ப்பித்தனர்.

ஒட்டுண்ணியும் ஆக்சிசனேற்றச் சிதைவும்

டொனவன் கண்ட துகள்கள் மண்ணீரலில் குவிந்திருந்ததன் காரணம் அவர் காலத்துக்குப் பின்னரே விளங்கியது. லீஷ்மேனியா, கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கி அணுக்களுக்குள் வாழ்கிறது. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் இவ்வணுக்கள் மிகுதி.

பெருவிழுங்கிகளின் முக்கிய ஆயுதம் ஆக்சிசன் ஆகும். கிருமியை விழுங்கியவுடன் இவ்வணு ஆக்சிசனுக்கு ஓர் எதிர்மின்னியைச் சேர்த்து சூப்பராக்சைடு என்னும் வினைமிகு பொருளை உண்டாக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. இரும்பு உடனிருந்தால் இன்னும் கொடிய ஹைட்ராக்சில் உறுப்பாகிறது. நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்தால் சூப்பராக்சைடு பெராக்சிநைட்ரைட்டாகிறது. இவை கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் ஆகிய அனைத்தையும் தாக்கும். நாள்பட்ட எண்ணெய் காறிப்போவது போல அணுச்சவ்வுகளின் கொழுப்பு கெடுவதும் இவ்வினைகளாலேயே. இதற்கு ஆக்சிசனேற்றச் சிதைவு என்று பெயர்.

லீஷ்மேனியா இந்த ஆயுதத்தை இரு வழிகளில் மழுங்கடிக்கிறது. தன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைக் கொழுப்புப் படலத்தால் சூப்பராக்சைடு உருவாவதையே தடுக்கிறது. உருவானவற்றை டிரிப்பனோதயோன் என்னும் பொருளின் துணையுடன் அழிக்கிறது. மனித அணுக்களைக் காக்கும் குளுட்டாதயோனின் இரண்டு மூலக்கூறுகளை ஒன்றாகக் கட்டியதே இப்பொருள். 1985இல் கண்டறியப்பட்ட இது மனித உடலில் இல்லை; டிரிப்பனோசோம்களிலும் லீஷ்மேனியாவிலும் உள்ளது. எனவே இப்பொருளைத் தாக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன.

ஆயுதம் முற்றிலும் வீணாவதில்லை; அதன் ஒரு பகுதி நோயாளியின் மீதே பாய்கிறது. காலா அசார் தொற்றிய வெள்ளெலிகளில் செங்குருதி அணுக்களின் சவ்வு ஆக்சிசனேற்றத்தால் கெட்டு, அவை விரைவில் உடைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீங்கிய மண்ணீரலில் அணுக்கள் அழிவதுடன் இதுவும் சேர்ந்து குருதிச்சோகையை முற்றச் செய்கிறது. குருதி குறையும்போது இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது.

இதயத்தை நேரடியாகவே தாக்குவது சாகாஸ் கண்ட உறவின ஒட்டுண்ணி. டிரிப்பனோசோமா குரூசி இதயத் தசையணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. அதைத் தேடிவரும் வெள்ளணுக்கள் சூப்பராக்சைடையும் நைட்ரிக் ஆக்சைடையும் பொழிகின்றன. இது சிதைவின் முதல் ஊற்று. இரண்டாவது ஊற்று தசையணுவின் உள்ளேயே உள்ளது. ஓயாது துடிக்கும் இதயத்தின் அணுக்களில் ஆற்றல் தரும் இழைமணிகள் நிறைந்துள்ளன. தொற்றினால் இழைமணிகளின் எதிர்மின்னிச் சங்கிலி பழுதுபடும்போது, எதிர்மின்னிகள் வழிதவறிக் கசிந்து ஆக்சிசனுடன் சேர்ந்து மேலும் சூப்பராக்சைடை உண்டாக்குகின்றன. அது இழைமணியை மேலும் பழுதாக்க, கசிவு மேலும் கூடுகிறது. இதே காலத்தில் குளுட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்கள் குறைந்துவிடுகின்றன.

இதனால் ஆற்றல் உற்பத்தி குன்றுகிறது. இறந்த தசையணுக்களின் இடத்தில் நார்த்திசு வளர்கிறது. மின்தூண்டல் செல்லும் பாதைகள் தடைப்பட்டு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகிறது. இதய அறைகள் விரிகின்றன. குருதியில் ஒட்டுண்ணி மிக அரிதாகிவிட்ட பின்னும், தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இச்சிதைவு தொடர்வதே இந்நோயின் கொடுமை. தொற்றுற்றோரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதய நோய் ஏற்படுகிறது. இதயம் பழுதடைந்தவர்களுக்கு ஒட்டுண்ணிக்கொல்லியான பென்ஸ்நிடசோலைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளியானது. ஒட்டுண்ணிகள் குறைந்தன, ஆனால் இதய நோயின் போக்கு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. எனவே இதயம் கெடுவதற்கு முன்பே தொற்றைக் கண்டறிவது இன்றியமையாதது. 1903இல் டொனவனின் ஊசி காலா அசாருக்குத் தந்ததும் இத்தகைய முன்னறிதலையே.

டொனவனோசிஸ்

1905இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் ஒருவரின் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த டொனவன், அணுக்களுக்குள் சிறு கோல்வடிவத் துகள்கள் இருப்பதைக் கண்டார். பிறப்புறுப்புப் பகுதியில் ஆறாப் புண்ணை உண்டாக்கும் பால்வினை நோயின் காரணி இதுவாகும். முந்தைய கண்டுபிடிப்பின் தாக்கத்தால் இதையும் அவர் ஓரணு விலங்கு என்றே கருதினார். உண்மையில் இது ஒரு பாக்டீரியா. 1943இல் கோழிக் கருவில் வளர்க்கப்பட்டபோது இது டொனவானியா கிரானுலோமட்டிஸ் என்று அழைக்கப்பட்டது. தற்போதைய பெயர் கிளெப்சியெல்லா கிரானுலோமட்டிஸ். புண்ணில் காணப்படும் துகள்களுக்கு டொனவன் உடலங்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எல்.டி. உடலங்களும் டொனவன் உடலங்களும் வெவ்வேறானவை. மாணவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இராயப்பேட்டை மருத்துவமனையும் பிற ஈடுபாடுகளும்

சென்னையின் மக்கள்தொகை தெற்கு நோக்கி விரிந்தபோது, அரசு பொது மருத்துவமனையின் சுமையைக் குறைக்க 1911இல் இராயப்பேட்டையில் புதிய மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளராக டொனவன் பொறுப்பேற்றார். நகரின் பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்றாக இது இன்றும் இயங்குகிறது.

டொனவன் இயற்கை ஆர்வலரும் ஆவார். வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்துவதில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். ஒரே போலத் தோன்றும் உருவங்களுக்கிடையே சிறு வேறுபாடுகளைக் கவனிக்கும் பழக்கம் இவ்விரு துறைகளுக்கும் பொதுவானது.

ஓய்வும் மறைவும்

டொனவன் 1919இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். குளோஸ்டர்சயர் பகுதியிலுள்ள போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் என்னும் சிற்றூரில் குடியேறினார். அயர்லாந்தின் பெரிய வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய அட்டவணை நூலை 1936இல் வெளியிட்டார். 1951 அக்டோபர் 29 அன்று அவ்வூரிலேயே தமது 88ஆம் வயதில் காலமானார்.

லீஷ்மன் 1909இல் சர் பட்டமும், 1910இல் அரச கழக உறுப்பினர் தகுதியும் பெற்று, 1923இல் பிரித்தானியப் படை மருத்துவத் துறையின் தலைமைப் பதவியை அடைந்து, 1926இல் மறைந்தார். ஓய்வுக்குப் பின் டொனவன் பொதுவெளியிலிருந்து விலகியே வாழ்ந்தார்.

பிற்கால வளர்ச்சி

ஒட்டுண்ணி தெரிந்தபின் மருந்தைத் தேடுவது எளிதாயிற்று. 1915 முதல் ஆண்டிமனி உப்புகள் காலா அசாருக்குப் பயன்பட்டன. கொல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்தில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் இலட்சக்கணக்கானோரைக் காத்தது. எனினும் ஆண்டிமனி மருந்துகள் இதயத் துடிப்பைப் பாதிப்பவை. அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். ஒட்டுண்ணிகளும் பிற்காலத்தில் இம்மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றன. 2002இல் வாய்வழி உண்ணும் மில்ட்டபோசின் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் கொழுப்புறையிட்ட ஆம்போடெரிசின் பி மருந்தை ஒரே தவணையில் செலுத்தும் முறை வந்தது.

டொனவன் காலத்தில் சென்னையில் காணப்பட்ட இந்நோய், பின்னர் இந்தியாவில் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில் ஒடுங்கியது. அங்கும் நோயாளிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துள்ளது. 2023 அக்டோபரில் வங்கதேசம், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து காலா அசாரை ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது.